முப்பத்திரண்டு கிலோ

இருபது கிலோவுக்கு மேல் எடை தூக்கியதற்காக மாரிசெல்விக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள்.

ஒரகடத்தில் பிரேக் டிஸ்க் செய்யும் அந்தத் தொழிற்சாலை முழுக்க அன்று அதுதான் சிரிப்பு. பெண்கள் இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அவளோ பல்கலைக்கழகப் போட்டியில் எண்பத்தெட்டு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கித் தங்கம் வாங்கியவள்.

மாரிசெல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளைத் தூக்கச் சொன்னவரே சூப்பர்வைசர் முனிரத்தினம்தான்.

காலையில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் நின்றுபோனது. பக்கத்திலேயே இரண்டு பையன்கள் சும்மா நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு முனிரத்தினம் இவளிடம் வந்தார்.

"யம்மா சாம்பியன், இன்னா பாத்துக்கினு நிக்கிற? இந்தப் பெட்டியத் தூக்கி டேபிள் மேல வையி."

"எத்தன கிலோ சார்?"

"முப்பத்திரண்டு. உனக்கு இது ஒரு வெயிட்டா?"

குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். 'இறக்கு' என்று நடுவர் சொல்லட்டும் என்பதுபோல, பழக்கத்தில் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகுதான் டேபிள்மேல் வைத்தாள். லைனே கை தட்டியது. முனிரத்தினம் தட்டவில்லை. டைரியில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மதியம் மெமோ வந்தது. எழுதியவர் முனிரத்தினம். கையெழுத்து எச்.ஆர். அதிகாரியுடையது.

ஏற்கெனவே அவளுக்கு மனசு சரியில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு நாலு தடவை எழுதிப் போட்டும் எதுவும் வரவில்லை. கல்லூரி முடிந்து மூன்று வருஷமாகப் போட்டி மேடையும் ஏறவில்லை. அடுத்த மாதம் தொழிலாளர்களுக்கான மாநிலப் பளுதூக்கும் போட்டி. ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. எந்தத் தொழிற்சாலையில் வேலை என்பதற்கு ஒரு காகிதம் கேட்டார்கள்.

போன வாரமே எச்.ஆரில் போய் நின்றாள்.

"நீ காண்ட்ராக்ட் ஆள்மா. இங்க வேலை பாக்குறேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அதையே காட்டிப் பெர்மனென்ட் பண்ணுன்னு நிப்ப" என்றார்கள்.

காண்ட்ராக்டரோ, "அத கம்பெனிதான் குடுக்கணும்" என்றார்.

முனிரத்தினத்திடமும் சொல்லிப் பார்த்தாள். "அப்படியா" என்றதோடு சரி.

இப்போது காகிதமும் இல்லை, கையில் மெமோ.

கேன்டீனில் செல்லக்கனி பொங்கினாள். வல்லம் வடகாலில் இவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள்.

"ஏட்டி, தூக்கச் சொன்ன மனுசனே மெமோ குடுக்காருன்னா என்ன அர்த்தம்? ஒன்ன வெளிய அனுப்பப் பாக்காரு."

"அவருக்கு நான் என்னட்டி செஞ்சேன்?"

"காகிதம் கேட்டேல்லா? அந்தக் கோவம். கிழிச்சுப் போடு அத."

மாரிசெல்வி மெமோவைப் பிரித்து இன்னொரு முறை படித்தாள். 'எமது தொழிற்சாலையின் இரண்டாம் லைனில் 2022 ஜூன் முதல் பணிபுரிந்துவரும், வானமாமலை மகள் மாரிசெல்வி ஆகிய தாங்கள்...'

எட்டிப் பார்த்த செல்லக்கனி முகம் சுளித்தாள். "மெமோவுல அப்பா பேரு எதுக்குட்டி? கல்யாணப் பத்திரிகையா அடிச்சிருக்காவ?"

மாரிசெல்விக்கும் அதுதான் புரியவில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு முனிரத்தினம் அந்தப் பக்கம் வந்தார். மாரிசெல்வி எழுந்து வழியில் நின்றாள்.

"சார், நீங்கதான தூக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"ரெண்டு பசங்க நின்னாங்க. அவங்கள விட்டுட்டு என்னையத்தான சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"பெறவு எதுக்கு சார் மெமோ?" காகிதத்தை அவர் முன்னால் நீட்டினாள். "எனக்கு வேலை போயிருமா?"

"ஒரு மெமோக்கெல்லாம் வேலை போவாது. நீ பாட்டுக்கு அதக் கிழிச்சுப் போட்டுடாத." அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி பேரு, உம் பேரு, சேந்த தேதி, எச்.ஆர். கையெழுத்து, சீலு, எல்லாம் அதுல கீது பாரு. போட்டி ஆபீஸ்ல கேட்டுட்டேன். இதுவே போதுமாம். நாளைக்கே போயி பேரக் குடு."

அவள் விழித்தாள். "எழுதித் தர முடியாதுன்னு சொன்னவங்க, இதுல மட்டும் எப்படி சார் கையெழுத்துப் போட்டாங்க?"

"சர்டிபிகேட்டுன்னா நாலு தடவ படிச்சுப் பாப்பாங்கம்மா. மெமோன்னா படிக்காமலே போட்டுடுவாங்க."