தெல்மிரா அக்காவின் பேனல்

மொந்தேவிதேயோவில் எங்கள் நூலகத்து லினக்ஸ் திரைகளின் அடியில் இருக்கும் பேனலை, அதாவது ஐகான் பட்டையை, ஒரே மாதிரியாக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைக் கோப்பு) எழுதி ஓட்டினேன். அது நூலகர் தெல்மிரா அக்காவின் கணினியையும் விட்டுவைக்கவில்லை. அவருக்குக் கண் மங்கல். பேனலை மேலே ஏற்றி எழுத்தைப் பெரிதாக்க, எனக்கு முன் இந்த வேலையில் இருந்த எவரிஸ்தோ தனியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். எவரிஸ்தோ இறந்த பிறகுதான் நான் வேலையில் சேர்ந்தேன். நகல் எடுக்காமல் அந்த ஸ்கிரிப்டையும் அழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் மாத்தே தேநீர்க் குவளையோடு பயந்துகொண்டே போனேன்.

"என்னடா உலிசெஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுதே!" என்றார் அக்கா.

பேனல் மேலேதான் இருந்தது, பெரிய எழுத்தில். அப்பாடா என்றிருந்தது. எவரிஸ்தோவின் ஸ்கிரிப்டும் பழைய இடத்திலேயே இருந்தது. திறந்தேன். மேலே அவருடைய பழைய குறிப்பு: "யாரும் தொடாதீங்க."

அதன்கீழ் புதிதாக ஒரு வரி: "அடுத்த தடவையாவது நகல் எடுத்து வச்சுக்கோ, உலிசெஸ்."