காணாமல் போன அரைக் கிலோ

"நம்ம ஊர்ல மூணு கறிக்கடை. விற்பனையைக் கூட்டினா வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோ மாட்டுக்கறி. உங்க சாப்பாட்டு நோட்டுகளைக் கூட்டினா ஆளுக்கு அரைக் கிலோதான். மிச்சம் எங்கே போச்சு?"

பேராசிரியை மிர்த்தாவின் குரல் உயர்ந்தது. அர்ஜென்டினாவின் அந்தச் சிற்றூர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருபது மாணவர்களும் குனிந்து தங்கள் நோட்டைப் பார்த்தார்கள்.

கணக்கு எளிது. மாடு அசைபோட்டு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. அது பூமியைச் சூடாக்குகிறது. தட்டில் எவ்வளவு கறி என்று தெரிந்தால், அதற்காக வானத்துக்கு எவ்வளவு வாயு போனது என்று சொல்லிவிடலாம். அதற்குத்தான் மிர்த்தா நாளுக்கொன்றாக ஆறு கட்டம் போட்டு, தன் வீட்டுச் சாப்பாட்டையே எழுதி மாதிரி கொடுத்திருந்தார். எல்லாரும் அதே கட்டங்களில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டை எழுதி வந்திருந்தார்கள்.

அவர் பார்வை லிசாந்த்ரோ மேல் நின்றது.

"உங்கப்பா கறிக்கடைக்காரர். உன் நோட்லதான் எல்லாரையும்விடக் கம்மி. யாரை ஏமாத்தறே?"

"கறிக்கடைக்காரன் வீட்ல கறி எங்க தங்குது, புரொஃபே? எல்லாம் வித்துப் போயிடும்."

"மிச்சத்தை அவங்க வீட்டு நாய் தின்னிருக்கும்," என்றாள் பின் வரிசையில் ஒருத்தி. எழுந்த சிரிப்பு, மிர்த்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"பொய்க் கணக்கு எழுதறவனைப் பிள்ளைங்க முன்னால நிறுத்த மாட்டேன். திங்கக்கிழமை நீ பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகவேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பயிற்சிப் பட்டியலை இழுத்து, அவன் பெயர் மேல் பேனாவை வைத்தார். லிசாந்த்ரோவின் காதுகள் சிவந்தன. பிள்ளைகள் முன்னால் நின்று முதல் பாடம் நடத்த அவன் இரண்டு வருடம் காத்திருந்தவன்.

நோட்டை ஒருமுறை புரட்டினான். விரல்விட்டு ஏதோ எண்ணினான். பிறகு எழுந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், புரொஃபே. உங்க வீட்டு அசாதோவுக்குத் தலைக்கு எவ்வளவு கறி வாங்குவீங்க?"

"எல்லாரையும் போல அரைக் கிலோ. அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? ஞாயித்துக்கிழமை அண்ணன் தம்பி எல்லாம் வருவாங்க, தீ மூட்டி விலாக்கறி சுடுவோம். அது குடும்பம் கூடறது. அதைப் போய் யாராவது சாப்பாட்டுக் கணக்குல…"

பேனா நின்றது.

லிசாந்த்ரோ மெதுவாகச் சொன்னான்:

"நீங்க குடுத்த மாதிரியில ஞாயித்துக்கிழமையே இல்ல, புரொஃபே."