ஏழாம் எண் தகடு

1996-இல் ராமநாதபுரத்தில் வெல்டிங் படிப்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். வெல்டிங் வைப்பதற்கு முன் தகட்டின் மூலையில் அவரவர் எண்ணை அச்சால் அடித்துப் பதிக்க வேண்டும். மாலையில் மேசையில் அடுக்கிய தகடுகளுக்கு வாத்தியார் மதிப்பெண் போடுவார்.

ஏழாம் எண், சிக்கல் கிராமத்திலிருந்து வந்த பால்சாமி. பத்தாம் நாள் ஊருக்குப் போனவன் பாம்பு கடித்து இறந்துபோனான். அவன் நின்று வெல்டிங் வைத்த தடுப்பறையின் திரையை இழுத்துக் கட்டிவிட்டோம்.

மறுவாரமும் மேசையில் பன்னிரண்டு தகடுகள் இருந்தன. ஏழாம் தகட்டில் வெல்டிங் கோடு கோணலாக ஓடியிருந்தது.

"எவன்லே இதுல வெளாடுறது?" என்று வாத்தியார் கத்தினார். ஏழாம் எண் அச்சைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாளும் ஏழு வந்தது. எனக்கு வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டே இருந்த மாதங்களில் ஏழின் கோடு நேராகிவிட்டது. வாத்தியார் கத்துவதை விட்டுவிட்டு அதற்கும் மதிப்பெண் போடத் தொடங்கினார்.

தேர்வு காலையிலேயே முடிந்தது. நான் பெயில். சாயங்காலம் பால்சாமியின் அய்யா கூத்தையா, மகனின் துணிப்பையை வாங்கிப்போக வந்தார். பையோடு வாத்தியார் கையுறை போட்ட கையால் ஏழாம் தகட்டையும் நீட்டினார்.

"உங்க மகன் செஞ்சதுதான்யா. பாஸாயிட்டான்."

வெறுங்கையில் வாங்கிய கூத்தையா தகட்டைக் கீழே போட்டுவிட்டார். விரல்களை ஊதிக்கொண்டு, கட்டியிருந்த திரையையே பார்த்தார்.

"இப்பத்தான் முடிச்சிருக்கான் போல," என்றார். "நான் வாசல் கேட் பக்கத்துல நிக்கிறேன் சார். கை கழுவிட்டு வரச்சொல்லுங்க."