கேள்வித்தாளை வெளியே விட்டது யாரு?

என்ன, நரி வரும், யாரையாவது ஏமாத்தும்னு வசதியா உக்காந்துட்டீங்களா? நரியெல்லாம் கிடையாது. இது ஒரு ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்.

இங்க கம்ப்யூட்டர்ல வச்சிருந்த அரையாண்டுக் கேள்வித்தாள் பரீட்சைக்கு முன்னாடியே வெளியே போயிடுச்சு. உடனே கதவுக்குப் புதுப் பூட்டு, சுவத்துல புதுக் கேமரா. ரெண்டும் சேர்ந்து, மேஜை மேல கிடந்த பென்டிரைவை மடக்குச்சுங்க.

"ஏண்டா, ஊரெல்லாம் சுத்துறவன் நீதானே?"ன்னுது பூட்டு.

"நான் மூடியே கழட்டலண்ணே!"

"முழிக்கிற முழியே சரியில்ல. நாளைக்கு உன்னைச் சுத்தியலால உடைக்கப் போறாங்க, பாரு"ன்னுது கேமரா.

பென்டிரைவ் பக்கத்துல இருந்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டரக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்"ன்னுது.

"பாஸ்வேர்டு போட்டாத்தான் நான் திறப்பேன். அது ஹெட்மாஸ்டர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அப்புறம் நீ எப்படிடா உள்ள வந்தே?"ன்னு கம்ப்யூட்டரும் சந்தேகமாப் பாத்துச்சு.

ஜன்னல் கம்பில உக்காந்திருந்த மைனாவுக்குப் பொறுக்கல. ஹெட்மாஸ்டர் தினமும் போன்ல கத்துறதை அவரு குரல்லயே எடுத்து விட்டுச்சு:

"யாரு, கிளார்க்கா? பாஸ்வேர்டுதானே? நம்ம ஸ்கூல் பேரு, பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு! கேக்கலையா? இருங்க, கிரவுண்டுக்கு வந்து சத்தமாச் சொல்றேன்!"