ரொட்டி டப்பாவின் பூட்டு

"திருட்டுப் பய டாக்டரம்மா இவன்! பூதிகோட்டையில ஒரு தோட்டக்காரர் நாய் வேணும்னு கேட்டுக்கினு இருக்கார். நாளைக்கே குடுத்துடப் போறேன்!"

இசபெல்லா மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். குற்றவாளியான அவள் நாய் ரோனி, நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தபடி மேஜைமேல் நின்றது.

கால்நடை டாக்டர் ஷைலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படி இன்னா திருடினான் ஆன்ட்டி?"

"இன்னா திருடலைன்னு கேளுங்க! தோல் அரிப்புக்கு நீங்க மாத்திரை குடுத்த நாள்லேர்ந்து இவன் வயிறு நம்ம பழைய தங்கச் சுரங்க ஷாஃப்ட்டு மாதிரி ஆயிடுச்சி, அடியே தெரியல. நேத்து ஒரு முழு ரொட்டி! டப்பாவைப் பூட்டி வெச்சா, டப்பாவையே உருட்றான். குடம் குடமா தண்ணி குடிச்சிட்டு வீடெல்லாம் நனைக்கிறான். கிண்ணத்தை எடுத்து ஒளிச்சி வெச்சிட்டேன்."

ரோனியைக் குட்டியாகச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அவள் கணவர் பர்னபாஸ். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

"அவர் வளர்த்த நாயா இதுன்னு வெக்கமா இருக்குது. எப்பேர்ப்பட்ட மனுஷன்! ஷிப்ட் சங்கு ஊதினா வாசலுக்கு ஓடி வந்துடுவேன். எட்டு மணி நேரம் பூமிக்கடியில பாறை உடைச்சிட்டு வருவார், டிபன் பாக்ஸ்ல பாதி அப்படியே இருக்கும். 'பசிக்கல இசா, நீ துன்னு'ம்பார். அந்த ஆறின சோத்தை ரெண்டு பேரும் வாசப்படியில ஒக்காந்து துன்னுவோம். அடடா, அந்த ருசி! அப்புறம் கல்தூசியில நெஞ்சு போயி, மாத்திரையா முழுங்கின காலத்துல..."

இசபெல்லா சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ரோனி மேல தப்பே இல்ல ஆன்ட்டி" என்றாள் ஷைலஜா. "இது ஸ்டீராய்டு மாத்திரை. பசி, தாகம், இரைப்பு, எல்லாம் அது பண்ற வேலை. தண்ணியை ஒளிக்கவே ஒளிக்காதீங்க. அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போங்க. சாப்பாட்டை நாலு வேளையா பிரிச்சி, பீன்ஸ் கேரட் வேக வெச்சிக் கலந்து குடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, நானே கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறேன்."

"அப்ப... இது பெருந்தீனி இல்லியா?"

"சேச்சே! மனுஷங்களுக்கும் இதே கதைதான். மூச்சு இரைப்புக்கு இதே மாத்திரை துன்றவங்க இருக்காங்களே, பசி தாங்காது. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?"

இசபெல்லா மாத்திரை அட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதன் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். பூதிகோட்டைப் பேச்சும் அதோடு போயிற்று.

பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலுள்ள வீட்டுக்கு வந்ததும் ரோனிக்குக் கிண்ணம் வழியத் தண்ணீர் வைத்தாள். ரொட்டி டப்பாவின் பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பர்னபாஸின் படத்துக்கு முன்னால் போனாள். வலிக்கிற முழங்காலை மடக்கி மண்டியிட்டாள்.

"மன்னிச்சிடுங்க" என்று ஓவென்று அழுதாள்.

அந்தப் பூட்டு ரோனிக்காக வாங்கியதே இல்லை. அவருடைய கடைசி லெந்து நோன்பு நாட்களில் ரொட்டி திருடித் தின்ற பர்னபாஸுக்காக வாங்கியது; பெருந்தீனி பாவம் என்று சொல்லி, இரைக்க இரைக்க அவரை மண்டியிட வைத்து, கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க வைத்ததும் இதே இடத்தில்தான்.