ஆண் சேராத கிண்ணம்

கோலியூமோ கடற்கரை ஆய்வுக்கூடத்துக்குக் கடல் முள்ளெலி முங்கி எடுத்துக் கொடுப்பதும், அங்கே கிண்ணங்களை எடுத்துவைப்பதும் என் வேலை. என் மகன் எலியேசர் மூழ்கிப்போன பாறையடியில்தான் எடுப்பேன். அவன் உடம்பு கிடைக்கவில்லை. அவனுக்குப் பிள்ளையும் இல்லை.

டாக்டர் ஹில்தா முட்டையில் விந்து சேர்த்து, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்ப்பார். நூல்கண்டாக இறுகி வரும் விந்தின் தலை முட்டைக்குள் போனதும் தளரும். நூலோடு வந்த அப்பனின் புரதங்களை முட்டை அரைமணியில் கரைத்துவிட்டுத் தன்னுடையதைச் சுற்றிவிடும்.

"அப்பனோடது ஒண்ணும் மிஞ்சாதா டாக்டர்?"

"நூல் மிஞ்சும்யா. உடுப்புதான் போகும்."

சரிபார்க்க ஒரு கிண்ணத்தில் மட்டும் விந்து சேர்ப்பதில்லை. மூன்று நாளாக அதிலும் நூல்கண்டு அவிழ்ந்தது.

"ரோசமேல், கை கழுவுனியா இல்லையா? ஆறு மாச வேலை நாசம்!"

"மூணு தடவ கழுவினேன், மாதா சத்தியமா."

நான்காம் நாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, விந்து சேர்க்காத புதுக் கிண்ணத்தில் எல்லாம் அவரே செய்தார். அரைமணி கழித்து உருப்பெருக்கியில் குனிந்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தார்.

"எல்லா முட்டையிலயும் நூல் அவிழ்ந்திருக்கு. கெட்டுப்போச்சு, கொட்டிடு."

உள்ளே போனேன். கிண்ணத்துச் சீட்டில் ஆணுக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஐம்பது வயதில் கற்ற எழுத்தில், அதில் எலியேசர் என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, தானே கொட்டக் கிண்ணத்தைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனார். நான் முந்திக்கொண்டு தொட்டியின் துளையை உள்ளங்கையால் அடைத்தேன்.

"கைய எடு, ரோசமேல்."

"மாட்டேன் டாக்டர். கழுவின கைதான்."