வல்தோரியாவின் நூறாவது சீசன்

இடைவேளை விசில் ஊதியதும் அந்த வெள்ளைக்காரன் நேராக என்னிடம் வந்து, என் பின்கழுத்தில் கைவைத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்டின் டவுன் கிரவுண்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜீரோவுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஃபுட்பால் அணியின் கேப்டன் நான். காலரைப் பிடித்தால் கோபம் வராதா?

ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

பின்னாலேயே எங்கள் எதிர்வீட்டு சஹானா ஓடி வந்தாள். அவன் பெயர் எலோயாம். அவள் ஆபீஸுக்கு வேலையாக வந்திருக்கும் ஸ்பெயின்காரன். மேட்ச் பார்க்கட்டும் என்று அவள்தான் கூட்டி வந்திருக்கிறாள். அவன் பேசப் பேச எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

காலரில் 100 என்று எம்பிராய்டரி போட்டிருக்கும். நூறு சதவீதம் காட்டன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், முதுகை அரிக்கும் பாலியெஸ்டராக இருந்தாலும். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை செய்யும் என் மனைவி குளோரியா, ஆர்டர் கேன்சலான எக்ஸ்போர்ட் சரக்கு என்று ஒரு மூட்டை கொண்டுவந்தாள். பச்சையும் வெள்ளையும் பட்டை, நெஞ்சில் ஒரு சின்னம். அதை நான் மெழுகுவர்த்தி என்றேன், ஃபார்வர்டு விக்கி ஊதுபத்தி என்றான்.

அது சூளையின் புகைபோக்கி. செங்கல் சூளைக்காரர்கள் ஆரம்பித்த கிளப். வல்தோரியா, எலோயின் ஊர்.

ஆயுசில் ஒரே ஒரு தடவை இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி, அதே வருஷம் இறங்கியும் விட்டார்களாம். கடைசி மேட்சில், கடைசி நிமிஷத்தில், கேப்டன் பெனால்ட்டியை கோலுக்கு மேலே தூக்கி அடித்துவிட்டார். ஊரே அழுதது. மறுநாள் அதே கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. தோற்பதில் அவ்வளவு பழக்கம்.

அப்புறம் கடன், கோர்ட், பூட்டு. நூறாவது சீசனுக்கென்று இங்கே தைக்கக் கொடுத்த சட்டை ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறுவதற்குள் கிளப்பே இல்லாமல் போய்விட்டது. எங்களைத் தவிர இந்தச் சட்டையை உலகத்தில் யாரும் போட்டு ஆடியதில்லை.

இதைக் கேட்டதுதான் தாமதம், விக்கி சட்டையைக் கழற்றி வீசினான்.

"செத்தவன் சட்டையா இது? அதான் சீசன் பூரா ஒரு மேட்சும் ஜெயிக்கல. எனக்கு பேடா, வேணவே வேணாம் கிளாரன்ஸ் அண்ணா."

எங்கள் ஏரியாவில் செத்தவர் துணியைச் சுடுகாட்டோடு விட்டுவிட்டு வருவார்கள். யாரும் தொடமாட்டார்கள். ஒருவன் பின் ஒருவனாகக் கழற்றினார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் முதுகு கொஞ்சம் கூடுதலாக அரித்தது.

எதிரணி நீலசந்திரா பையன்கள் உள்ளே இறங்கி, ஆட்டம் உண்டா இல்லையா என்று விசிலடித்தார்கள்.

எலோய்க்கு ஒன்றும் புரியவில்லை. சஹானா விளக்கியதும் பதறிப்போய் விக்கியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் அப்பா அந்த கிளப் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டவர். பக்கவாதம் வந்து மகள் வீட்டில் படுத்திருக்கிறார். கிளப்பை மூடியதைத் தாங்கமாட்டார் என்று அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் எலோய் போன் பண்ணி, ஜெயித்தோம் என்று வாய்க்கு வந்த ஸ்கோரைச் சொல்வான். கொஞ்ச நாளாக அவர் எதையும் கேட்பதில்லை. கிளப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

ஒரு பாதி ஆட்டத்தை மட்டும், இந்தச் சட்டையில், வீடியோவில் அவருக்குக் காட்டவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

விக்கி கீழே கிடந்த சட்டையைப் பார்த்தான். எடுத்து மண்ணை உதறினான். போட்டுக்கொண்டான். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

எலோய் கோட்டோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோடு கோணலாக இருக்கிறது என்பதுதான் அவன் அப்பாவின் முதல் பேச்சாம். இது எந்த ஊர் என்று கேட்டதற்கு, வெளியூர் மேட்ச் என்றானாம். அதில் பொய் ஒன்றுமில்லை.

பெரியவர் ஒருவர் பார்க்கிறார் என்றதும் எங்கள் பையன்களுக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. விக்கி ஒரு கோல் போட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றுக்கு இரண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், தோற்கக் கூடாது என்று நான் இவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை.

கடைசி நிமிஷத்தில் பெனால்ட்டி கிடைத்தது. கேப்டன் நான்தானே அடிக்கவேண்டும்? ஓரக்கண்ணால் எலோயின் போனைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பந்து கோலைத் தாண்டி, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, வெளியே நின்ற தண்ணீர் லாரி மேல் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. ஒரு மனுஷன் ஒரே ஒரு உதவி கேட்டான், அதையும் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸாரி சொல்லலாம் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவனிடம் போனேன்.

போனில் அந்தப் பெரியவர் ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குழறிக் குழறி என்னவோ கத்தினார். எலோய் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னம்மா சொல்றாரு?"

சஹானா போனைப் பார்த்தபடியே சொன்னாள். "ஜெயிச்சோம் ஜெயிச்சோம்னு வாராவாரம் பையன் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சாம் அங்கிள், கிளப் செத்துடுச்சுன்னு. இப்ப நீங்க அடிச்சதைப் பார்த்தப்புறம்தான் நம்பறாராம், உயிரோடதான் இருக்குன்னு."

விக்கி அன்றைக்குச் சட்டையைக் கழற்றாமலேயே பைக்கில் ஏறி வீட்டுக்குப் போனான்.